பழைய குளியல் தொட்டி எங்கே போய்ச் சேர வேண்டும்?

ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் என விரியும் தொழிற்பகுதி, பொருள்களை உருவாக்கும் அறிவும் ஒழுங்கும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குள் வேரூன்றிவிட்ட இடமாகும். 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டதைத் தொடர்ந்து, 2000-இல் செயின்ட் கோபேன் நிறுவனத்தின் கண்ணாடி ஆலையும், 2007-இல் சாம்சங் ஆலையும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலையும், 2012-இல் டைம்லரின் சரக்கு வாகன ஆலையும் இயங்கத் தொடங்கின. இந்த ஆலைகளோடு கொரியா, ஜப்பான், ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றிலிருந்து பொறியாளர்களும் மேலாளர்களும் வந்தனர். அவர்கள் குடும்பத்தோடு தங்குவதற்கான வாடகை வீடுகளும் விருந்தினர் இல்லங்களும் எழுந்தன. வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு அமிழ்ந்து குளிப்பது ஜப்பானிய இல்லங்களில் அன்றாட வழக்கம் என்பதால், தமிழ் வீடுகளில் அதுவரை தேவைப்படாத பாத்டப்பும், நீரைச் சூடாக்கிச் சுழலச்செய்யும் ஜக்குஸி எனும் பெருந்தொட்டியும் அத்தகைய வீடுகளில் இடம்பெறலாயின.

அயல்நாட்டு மேலாளர் ஒருவர் ஓரிடத்தில் பணிபுரியும் காலம் பெரும்பாலும் சில ஆண்டுகளே. சில வேளைகளில் ஆலையே மூடப்படுவதும் உண்டு. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் திறக்கப்பட்ட நோக்கியா கைப்பேசி ஆலை 2014-இல் மூடப்பட்டதை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். குடியிருந்தவர் போய்விடுகிறார், தொட்டியோ வீட்டுக்காரரிடம் தங்கிவிடுகிறது. அடுத்து வரும் குடும்பத்துக்கு அது பயன்படாமல் போகும்போது, அல்லது அதன் மோட்டாரும் ஹீட்டரும் பழுதாகி உதிரிப்பாகம் கிடைக்காமல் போகும்போது, அதை எப்படி அகற்றுவது, அகற்றியதை எங்கே சேர்ப்பது என்னும் கேள்வி எழுகிறது. ஒரு தொட்டியைப் பற்றியதாகத் தோன்றினாலும், கலப்புப் பொருள்களால் ஆன பெரிய வீட்டுச் சாதனங்கள் அனைத்துக்கும் இக்கேள்வி பொருந்தும்.

தொட்டிக்குள் இருப்பவை

கலிபோர்னியாவில் குடியேறிய ஜக்குஸி என்னும் இத்தாலியச் சகோதரர்கள் முதலில் விமானங்களுக்கான சுழலிகளையும், பின்னர் நீரேற்றும் பம்புகளையும் செய்துவந்தவர்கள். குடும்பத்தில் ஒரு சிறுவன் முடக்குவாதத்தால் துன்புற்றதை முன்னிட்டு, வீட்டுத் தொட்டியில் பொருத்தி நீரைச் சுழலச்செய்யும் சிறு பம்பு ஒன்றை 1956-இல் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். 1968-இல் பம்பும் தொட்டியும் ஒன்றாக இணைந்த வடிவம் உருவாயிற்று. இன்றைய தொட்டிகள் யாவும் அந்த வடிவத்தின் வழித்தோன்றல்களே.

வெளியிலிருந்து பார்க்கும்போது ஒரே பொருளாகத் தெரியும் இத்தொட்டி, உண்மையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்ட பல பொருள்களின் தொகுதி. உடல் படும் வழவழப்பான உட்பரப்பு, சூடாக்கி அச்சில் உறிஞ்சி வடிவமைக்கப்பட்ட அக்ரிலிக் தகடு. அதன் பின்புறத்தில் வலுவுக்காகக் கண்ணாடி இழைகளும் பாலியெஸ்டர் பிசினும் கலந்து பூசப்பட்டிருக்கும். கடைத்தெருவில் 'ஃபைபர்' என்று சொல்லப்படுவது இதுவே. அதற்கும் பின்னால், சூடு வெளியேறாமல் தடுக்கும் பாலியூரித்தேன் நுரை படிந்திருக்கும். நுரைக்குள் புதைந்தவாறு பி.வி.சி. குழாய்கள் ஓடும். அடிப்பகுதியில் செம்புச் சுற்றுகள் கொண்ட பம்பு மோட்டார், எஃகு உறையிட்ட ஹீட்டர், மின்னணுப் பலகை அடங்கிய கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை இருக்கும். இவை அனைத்தையும் மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன சட்டம் சுற்றி மறைத்திருக்கும்.

நால்வர் அமரும் தொட்டி ஒன்று காலியாக இருக்கும்போதே ஏறத்தாழ 300 கிலோ எடை கொண்டது. அதில் 1,200 லிட்டர் நீர் கொள்ளும். இந்நீரின் வெப்பத்தை 28 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்கு உயர்த்த மட்டும் ஏறக்குறைய 14 யூனிட் மின்சாரம் செலவாகும். கிராமப்புறங்களில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல். அக்கணக்கின்படி ஒரு தொட்டியை ஒருமுறை நிரப்பும் நீர் 22 பேருடைய ஒரு நாள் தேவைக்குச் சமம். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டதைக் கண்ட ஒரு வட்டாரத்தில், இத்தகைய தொட்டியை வேண்டாம் என்று ஒரு குடும்பம் முடிவு செய்வதற்கு வேறு காரணம் தேவையில்லை.

மொட்டை மாடியில் வைக்கப்பட்ட தொட்டியை அகற்றுவதற்குக் கட்டடப் பாதுகாப்பும் ஒரு காரணமாகிறது. தொட்டியின் எடையோடு நீரின் எடையையும் அமரும் நால்வரின் எடையையும் கூட்டினால் 1,750 கிலோவைத் தாண்டும். இரண்டு மீட்டருக்குச் சற்று மிகுந்த நீள அகலம் கொண்ட பரப்பில் அது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 400 கிலோவாக இறங்குகிறது. ஆனால் மக்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் 875-இன் இரண்டாம் பகுதி குறிக்கும் பயன்பாட்டுச் சுமை, அதாவது ஆள்களாலும் பொருள்களாலும் தளத்தின்மேல் வரக்கூடியதெனக் கணக்கில் கொள்ளும் எடை, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ மட்டுமே. தொட்டிக்கென்றே வடிவமைக்கப்படாத தளத்தின்மேல் இரண்டரை மடங்குக்கும் மிகுந்த சுமை நிற்கிறது என்பதே இதன் பொருள்.

பயன்படுத்தாமல் அப்படியே விட்டுவைப்பதும் தீர்வாகாது. மூடி உடைந்த தொட்டியின் அடியில் ஒரு சாண் மழைநீர் தேங்கினாலே டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அங்கே முட்டையிடும். முட்டை கொசுவாவதற்கு எட்டு முதல் பத்து நாள் போதும். கொசு உற்பத்திக்கு இடம் தரும் வகையில் நீரைத் தேக்கிவைப்பதைத் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், 1939 தடுக்கிறது. ஆதலால் பயனற்ற தொட்டியை அகற்றுவது வீட்டின் வசதியோடு தெருவின் நலத்தையும் சார்ந்த கடமையாகும்.

கழற்றும் வரிசை

கலப்புப் பொருள் ஒன்றைப் பிரிக்கும்போது முதலில் எதைக் கழற்றுவது, அடுத்து எதைக் கழற்றுவது என்னும் வரிசையே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இதற்கான முன்மாதிரி இவ்வட்டாரத்திலேயே உள்ளது. ஒரகடத்தில் அமைந்த உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்தில், ஆயுள் முடிந்த வாகனங்களைப் பிரித்துக்காட்டும் செயல்விளக்கக் கூடம் ஒன்று நிறுவப்பட்டது. அத்தகைய கூடங்களில் வாகனத்தை உடனே நசுக்குவதில்லை; எரிபொருள், எண்ணெய், குளிரூட்டும் வாயு ஆகியவற்றை வடித்துவிட்டு, மின்கலத்தைக் கழற்றி, மறுபயன்பாட்டுக்குரிய பாகங்களை எடுத்த பிறகே உலோகக் கூட்டுக்கு வருகிறார்கள். தொட்டிக்கும் அந்த ஒழுங்கே பொருந்தும்.

முதலில் செய்ய வேண்டியது மின்னிணைப்பைத் துண்டிப்பது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு விநியோகப் பலகையிலேயே அந்த இணைப்பைக் கழற்றி, கம்பி முனைகளைக் காப்பிட வேண்டும். மோட்டாரோடு இணைந்த கெபாசிட்டர், அதாவது மோட்டார் சுழலத் தொடங்குவதற்கு மின்னூட்டத்தைச் சேமித்துத் தரும் சிறு உருளை, இணைப்பு போன பிறகும் சற்று நேரம் மின்னூட்டத்தைத் தாங்கி நிற்கக்கூடும் என்பதால், அதை வெறுங்கையால் தொடலாகாது.

இரண்டாவது, நீரை வெளியேற்றுவது. தொட்டி நீரில் கிருமி அழிப்புக்காகக் குளோரினோ புரோமினோ கலந்திருக்கும். மருந்திடுவதை நிறுத்தி, மூடியைத் திறந்து சில நாள் வெயிலில் விட்ட பிறகு, வீட்டின் கழிவுநீர் இணைப்பில் மெல்ல வடிய விடுவதே முறை. மழைநீர்க் கால்வாயிலும் ஏரிக்குச் செல்லும் ஓடையிலும் அதைத் திறந்துவிடக் கூடாது. மீதமிருக்கும் மருந்துக் கட்டிகளையும் அமிலத்தையும் ஒன்றாகக் கலக்காமல், அதனதன் பெட்டியிலேயே வைத்து, வீட்டில் உண்டாகும் அபாயக் கழிவாகத் தனியே ஒப்படைக்க வேண்டும்.

மூன்றாவது, பிரிக்கக்கூடியவற்றைப் பிரிப்பது. சட்டப் பலகைகள், மூடி, மோட்டார், ஹீட்டர், கட்டுப்பாட்டுப் பெட்டி, வெளியே தெரியும் குழாய்கள் ஆகியவற்றைத் திருகாணி கழற்றி முழுதாக எடுத்தால் அவற்றுக்கு மதிப்பு உண்டு. கடப்பாரையால் நெம்பி உடைத்தால் அவை வெறும் எடைக்குரிய பொருளாகிவிடும்.

தொட்டியின் கூடு கடைசியாகவே வருகிறது. தரைத்தளத்தில் இருந்து, வாசலும் போதிய அகலமாக இருந்தால், ஆறேழு பேர் கூடி இரும்புக் குழாய்களை அடியில் உருட்டுக்கட்டையாக இட்டு நகர்த்தி, குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டியில் ஏற்றிவிடலாம். மாடியிலோ குறுகிய குளியலறையிலோ இருந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். மிகுந்த கவனம் தேவைப்படும் கட்டம் இதுவே. ஃபைபரை கிரைண்டரால் அறுக்கும்போது எழும் வெண்தூளில் நுண்ணிய கண்ணாடி இழைகள் கலந்திருக்கும். அவை தோலில் ஒட்டினால் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். கண்ணில் பட்டால் உறுத்தும். மூச்சோடு சென்றால் தொண்டையையும் நுரையீரலையும் தாக்கும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வெட்டுவது எவ்வகையிலும் பாதுகாப்பன்று. என்-95 தரமுள்ள முகக்கவசம், பக்கங்கள் மூடிய கண்ணாடி, முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை ஆகியவற்றை வேலை செய்பவருக்கு வீட்டுக்காரரே வாங்கித் தர வேண்டும். தரையில் தார்ப்பாய் விரித்து, வெட்டும் கோட்டை முன்கூட்டியே ஈரமாக்கி, ஓடும் மின்கருவியின்மேல் நீர் படாதவாறு பார்த்துக்கொண்டு, இருவர் தூக்கக்கூடிய துண்டுகளாக அறுத்துக் கயிறு கட்டி இறக்க வேண்டும். கைப்பிடிச் சுவருக்கு மேலிருந்து கீழே எறியலாகாது. வேலை முடிந்தபின் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூள் மீண்டும் எழும் என்பதால், ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே சரி. அன்று உடுத்திய உடைகளைக் குழந்தைகளின் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

தொட்டி இருந்த இடத்தில் குழாய்த் துளைகளை அடைத்த பிறகு, ஓரங்களில் மண்கரை கட்டி ஓர் அங்குல உயரத்துக்கு நீரை ஒன்றிரண்டு நாள் நிறுத்திப் பார்ப்பது கொத்தனார்கள் அறிந்த சோதனை. கீழ்த்தளத்தின் கூரையில் ஈரம் தெரிந்தால், மழைக்காலம் வருமுன் தட்டோடுகளைப் பெயர்த்துப் பூச்சைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

எது எங்கே செல்லும்

பிரித்தெடுத்தவற்றுள் பெரும்பகுதிக்கு வழி தெளிவாகவே உள்ளது. செம்பும் எஃகும் காயலான் கடைக்குச் சென்று, உருக்கு உலைகளின் வழியே மீண்டும் உலோகமாகின்றன. பி.வி.சி. குழாய்களைப் பழைய பிளாஸ்டிக் வாங்குவோர் தனியே எடுத்துக்கொள்வார்கள். தொட்டியைத் தாங்கிய செங்கல் மேடையும் உடைந்த ஓடுகளும் கட்டட இடிபாட்டுக் கழிவாகும். இதற்கென இந்தியாவில் முதன்முறையாகத் தனி விதிகள் 2016-இல் வகுக்கப்பட்டன. கட்டுப்பாட்டுப் பெட்டியின் மின்னணுப் பலகை, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டியது. அத்தகைய நிறுவனங்களின் விவரத்தைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்டுப் பெறலாம்.

இந்த வழிகள் தவறும்போதுதான் தீங்கு தொடங்குகிறது. மதிப்புள்ள செம்பை எடுத்துக்கொண்டு எஞ்சியதைக் காலிமனையில் கொளுத்துவது பல ஊர்களில் காணப்படும் வழக்கம். பி.வி.சி. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடும், டையாக்சின்கள் எனும் நீடித்து நிற்கும் நச்சுகளும் உண்டாகின்றன. பாலியூரித்தேன் நுரை எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வெளிப்படுகின்றன. நுரையை உப்பவைக்க முற்காலத்தில் பயன்பட்ட வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கக்கூடியவை. அவற்றுள் ஒன்றான எச்.சி.எஃப்.சி.-141பி இந்தியாவில் 2020 ஜனவரி 1 முதல் விலக்கப்பட்டது. அதற்கு முன் செய்யப்பட்ட தொட்டியின் நுரையில் அது இன்னும் அடைபட்டிருக்கக்கூடும் என்பதால், நுரையைத் தூளாக உடைக்காமல் பெரிய கட்டிகளாகவே எடுப்பது நல்லது.

ஃபைபர் எனும் முடிச்சு

எஞ்சியிருப்பது கூடு. இதுவே உண்மையான சிக்கல். ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் வார்க்கப்படும் தட்டைக் கண்ணாடியை உடைத்து உருக்கினால் மீண்டும் கண்ணாடியாக்கலாம். அதே கண்ணாடி இழையாக நூற்கப்பட்டு பாலியெஸ்டர் பிசினில் தோய்ந்து இறுகிவிட்டால், பிரிப்பதற்கு எளிய வழி இல்லை. இப்பிசின் வெப்பத்தால் உருகாது. சுட்ட பானை மீண்டும் களிமண் ஆகாததைப் போல, ஒருமுறை இறுகிய பிசின் பழைய நிலைக்குத் திரும்பாது. காயலான் கடைக்காரர் ஃபைபரை வாங்க மறுப்பதற்கு இதுவே காரணம்.

தமிழ்நாட்டில் இச்சிக்கல் ஆடம்பரத் தொட்டிகளோடு நிற்பதன்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடற்கரை முழுதும் கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் பெருமளவில் பிடித்தன. முப்பந்தலில் சுழலும் காற்றாலைகளின் இறக்கைகளும் இதே வகைப் பொருளால் ஆனவை. குளியலறைக் கதவு, கழிவுநீர்த் தொட்டி, பேருந்தின் முகப்பு என அன்றாட வாழ்வில் ஃபைபர் பரவியுள்ளது. இவையெல்லாம் ஆயுள் முடிந்து வெளிவரும் காலம் நெருங்கிவிட்டது.

தற்போது நடைமுறையில் உள்ள வழிகளுள் சிறந்தது சிமென்ட் சூளை. ஏறத்தாழ 1,450 டிகிரி வெப்பத்தில் கிளிங்கர் எனும் சிமென்ட் மூலக்கட்டி உருவாகும் சூளையில் ஃபைபர் துண்டுகளை இட்டால், பிசின் எரிபொருளாகப் பயன்பட்டு, கண்ணாடியிலுள்ள சிலிக்காவும் சுண்ணாம்பும் அலுமினாவும் கிளிங்கரோடு கலந்துவிடுகின்றன. தனியே கொட்டவேண்டிய சாம்பல் மிஞ்சுவதில்லை. ஜெர்மனியின் லேகர்டார்ஃப் சிமென்ட் ஆலையில் காற்றாலை இறக்கைகள் இவ்வாறு பயன்படுத்தப்பட்டுள்ளன. அரியலூர் போன்ற இடங்களில் பெரிய சிமென்ட் ஆலைகள் இயங்கும் தமிழ்நாட்டில் இதற்கான வாய்ப்பு கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளது. ஆனால் ஒற்றை வீட்டுக்காரர் ஒரு தொட்டியை அங்கே அனுப்ப முடியாது; ஊராட்சியோ நகராட்சியோ இடம் ஒதுக்கிச் சேர்த்து, உரிய அளவில் துண்டாக்கி அனுப்பினால்தான் அது நடைபெறும்.

அதுவரை, உடையாத கூட்டை மறுபயன்பாட்டுக்குக் கொடுப்பதே மேலானது. ஃபைபர் கூடு துருப்பிடிக்காது, கசியாது. குழாய்த் துளைகளை அடைத்து, மருந்து வாடை போகக் கழுவிவிட்டால், தொழிற்சாலைகளுக்கு இடையே இன்றும் கால்நடை வளர்க்கும் சிற்றூர்களில் மாடுகள் நீர் அருந்தும் தொட்டியாக அது பல ஆண்டு உழைக்கும். கொசு சேராதிருக்க வாரம் ஒருமுறை நீரை முழுதும் மாற்ற வேண்டும் என்பதை வாங்குபவரிடம் சொல்லிக் கொடுப்பதும் கொடுப்பவரின் பொறுப்பே.

ஏரியே கடைசி இடமாகக் கூடாது

முறையான வழி தெரியாதபோது வண்டிக்காரர் தேர்ந்தெடுப்பது ஏரிக்கரை. காஞ்சிபுரம் மாவட்டம் ஏரிகளால் வாழ்ந்த நிலம். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் நிரம்பினால் அவற்றின் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குச் செல்கிறது; செம்பரம்பாக்கம் நீர் சென்னைக்குக் குடிநீராகிறது. வரத்துக் கால்வாயின் ஓரத்தில் கொட்டப்பட்ட நுரையும் இடிபாடும் வறண்ட காலத்தில் குடிநீரைக் கெடுப்பதோடு, மழைக்காலத்தில் நீரின் பாதையையும் அடைக்கின்றன. 2015 டிசம்பரில் அடையாற்றில் வந்த பெருவெள்ளத்துக்குப் பின், நீர்வழிகளின் அகலத்தைக் குறைக்கும் எதையும் சிறிது என்று ஒதுக்கிவிட முடியாது. கழிவைத் தெருவிலோ பொதுவெளியிலோ நீர்நிலையிலோ எறிவதையும், எரிப்பதையும், புதைப்பதையும் திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2016 வெளிப்படையாகத் தடை செய்தன. வண்டியில் ஏற்றி அனுப்பியதோடு வீட்டுக்காரரின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை.

ஆதலால், தொட்டியை அகற்ற ஆள் அமர்த்துவோர் கூலி பேசுவதற்கு முன்பாகவே, எந்தப் பொருள் எங்கே இறக்கப்படும் என்பதைக் கேட்டறிந்து, முடிந்தால் இறக்கிய இடத்தின் சீட்டையும் பெற்றுக்கொள்ள வேண்டும். உள்ளாட்சி அமைப்புகள், பெரிய வீட்டுச் சாதனங்களையும் ஃபைபர் கழிவையும் குறித்த நாளில் வாங்கிச் சேர்க்கும் இடம் ஒன்றை இத்தொழிற்பகுதியில் ஏற்படுத்த வேண்டும். தங்கள் பணியாளர்களுக்காக வீடுகளை வாடகைக்கு எடுத்து, அவற்றில் இத்தகைய வசதிகளைக் கேட்டுப் பெறும் நிறுவனங்கள், ஒப்பந்தம் முடியும்போது அவற்றை முறைப்படி அகற்றும் செலவையும் ஏற்பதே நியாயம். ஒரு காரின் பல்லாயிரம் பாகங்களை வரிசை தவறாமல் பூட்டத் தெரிந்த ஒரு வட்டாரத்துக்கு, ஒரு தொட்டியின் ஏழெட்டுப் பாகங்களை வரிசையாகக் கழற்றி உரிய இடத்தில் சேர்ப்பது இயலாத வேலையன்று. அதற்கான ஏற்பாட்டைக் கேட்டுப் பெறும் உரிமையும் கடமையும் அங்கே வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு.